பெரிய மென்பொருள் நிறுவனத்தை நம்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2001 ஆகஸ்டில் மைக்ரோசாஃப்ட் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 6-ஐ வெளியிட்டது. ஏழாம் பதிப்பு வந்தது 2006 அக்டோபரில். இணையம் மளமளவென்று மாறிய அந்த ஐந்து வருடமும், பெரும்பாலானோர் கையில் இருந்த பிரவுசர் ஏறக்குறைய அப்படியே கிடந்தது.

ஆள் இல்லாமலா? இல்லை. 1999-இல் வந்த ஐந்தாம் பதிப்பில், பக்கத்தை முழுதாக மறுபடி ஏற்றாமல் சர்வரிடம் தகவலை மட்டும் கேட்டு வாங்கும் வசதியைக் கொண்டுவந்ததே அந்த நிறுவனத்தின் பொறியாளர்கள்தான். ஜிமெயில் போன்றவை அந்த வழியில்தான் பின்னால் வளர்ந்தன. நெட்ஸ்கேப் என்ற எதிர்ப் பிரவுசரோடு போட்டி இருந்தவரை வேலை ஓடியது. அது தோற்றதும் ஓய்ந்தது. பிரவுசர் நன்றாக வளர வளர வேலைகள் அதற்குள்ளேயே நடக்கும், விண்டோஸின் தேவை குறையும், வருமானமோ விண்டோஸில் இருந்தது. 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் என்ற இன்னொரு பிரவுசர் வந்து ஆட்களை இழுக்கத் தொடங்கியது. மூன்றே மாதத்தில், 2005 பிப்ரவரியில், ஏழாம் பதிப்பு வரும் என்று பில் கேட்ஸ் அறிவித்தார்.

ஒரு மென்பொருள் தேங்கி நின்றால் பொறியாளர்களைக் குறை சொல்வதுதான் நாம் செய்யும் முதல் தவறு. அது வளர்ந்தால் அந்த நிறுவனத்துக்கு லாபமா நஷ்டமா என்று முதலில் பாருங்கள்.

இலவசம் என்பதையும் இதே கண்ணோடு பார்க்க வேண்டும். நெட்ஸ்கேப் பிரவுசரை விற்றுப் பிழைத்த கம்பெனி. மைக்ரோசாஃப்ட் அதையே விண்டோஸோடு சேர்த்துச் சும்மா கொடுத்தது. 1998-இல் அமெரிக்க அரசு வழக்குப் போட்டது. நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன 2000-ஆம் ஆண்டுத் தீர்ப்பை மேல்முறையீட்டு நீதிமன்றம் அடுத்த வருடம் ரத்து செய்தாலும், ஏகபோகத்தைக் காக்கச் சட்டவிரோதமாக நடந்தது என்ற முடிவு நிலைத்தது.

என்னை அதிகம் வருத்துவது தென்கொரியாவின் கதை. 1990-களின் கடைசியில் தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் வலுவான மறையாக்கத்தை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா தடை வைத்திருந்தது. பாதுகாப்பான வங்கிச் சேவை வேண்டுமே என்று கொரியா ‘சீட்’ என்ற சொந்த முறையை உருவாக்கியது. பிரவுசர்களுக்கு அது தெரியாது, அதனால் ஆக்டிவ்எக்ஸ் என்னும் இணைப்பு நிரல் வழியாக ஓட்டினார்கள். ஆக்டிவ்எக்ஸோ விண்டோஸில், இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே ஓடும். அதைச் சுற்றி விதிகளும் வந்தன. அப்புறம் வங்கி, கடை, அரசு அலுவலகம் எல்லாமே ஒரே கம்பெனியின் ஒரே பிரவுசருக்குள் அடைபட்டன. 2007-இல் விண்டோஸின் புதிய பதிப்பான விஸ்டா வந்து பாதுகாப்பு முறைகள் மாறியபோது வங்கித் தளங்கள் தடுமாறின. நாடகத்தில் கதாநாயகி போட்டிருந்த கோட்டைச் சீன ரசிகர்களால் இணையத்தில் வாங்க முடியவில்லையே என்று 2014-இல் அதிபர் பார்க் குன்-ஹே ஒரு கூட்டத்தில் சொன்னார். 2015-இல் மைக்ரோசாஃப்ட் தன் புதிய எட்ஜ் பிரவுசரில் ஆக்டிவ்எக்ஸையே சேர்க்கவில்லை. இந்த ஏற்பாட்டின் அங்கமாக இருந்த, இணையத்தில் ஆளை உறுதிப்படுத்தும் அங்கீகரிக்கப்பட்ட டிஜிட்டல் சான்றிதழுக்கு இருந்த தனி அந்தஸ்தைக் கொரியா எடுத்தது 2020 டிசம்பரில்தான்.

அந்த முடிச்சை மைக்ரோசாஃப்ட் போடவில்லை. அவசரத்துக்குக் கையில் கிடைத்ததை வாடிக்கையாளர்களே விதியாக்கினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்ததால்தான் யாருக்கும் அது தவறாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: பெரிய நிறுவனம் செய்வதெல்லாம் நமக்குக் கெடுதல் என்று நினைப்பது. பழைய சிம்சிட்டி விளையாட்டில் நினைவகத்தைத் தவறாகக் கையாளும் ஒரு பிழை இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டு விளையாட்டு ஓடும்படி விண்டோஸ் 95-இல் தனி ஏற்பாடு செய்தார்கள். பழையது புதியதிலும் ஓட வேண்டும் என்பது அவர்களுடைய வியாபாரத்தின் அச்சாணி. எத்தனையோ அலுவலகங்களின் உழைப்பு அதனால் வீணாகாமல் இருந்தது. அதே காரணத்தால்தான் அந்த அலுவலகங்களால் விண்டோஸை விட்டு வெளியேறவும் முடியவில்லை.

நிறுவனத்தின் மனமாற்றத்தை நம்புவது இன்னொரு தவறு. யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய லினக்ஸ் இயங்குதளத்தை 2001-இல் புற்றுநோய் என்றார் அப்போதைய மைக்ரோசாஃப்ட் தலைவர் ஸ்டீவ் பால்மர். 2014-இல் லினக்ஸை நேசிக்கிறோம் என்றது, அவருக்குப் பின் பொறுப்பேற்ற சத்யா நாதெள்ளாவின் மைக்ரோசாஃப்ட். இடையில் வருமானம் கிளவுட் பக்கம், அதாவது சர்வர்களை இணையம் வழியே வாடகைக்கு விடும் தொழில் பக்கம், நகர்ந்திருந்தது, அங்கே வாடிக்கையாளர் கேட்டது லினக்ஸ். வரவேற்க வேண்டிய மாற்றம்தான், ஆனால் வருமானம் வேறு பக்கம் திரும்பினால் இதுவும் திரும்பும்.

சரி, உங்கள் அலுவலகத்தில் என்ன செய்யலாம்? விலையைப் பேசும் முன் ஒரு வேலை இருக்கிறது. போன மாதத்துப் பில்களையும் வாடிக்கையாளர் பட்டியலையும் நீங்கள் வாங்க நினைக்கும் மென்பொருளில் ஏற்றி, அதிலிருந்து வெளியே எடுத்து, வேறொரு நிறுவனத்தின் மென்பொருளில் திறந்து பாருங்கள். தேதி, தொகை, தமிழ் எழுத்து எல்லாம் சரியாக வருகிறதா என்று வரி வரியாகச் சரிபாருங்கள். வரவில்லை என்றால் விற்பனையாளரிடம் கேளுங்கள், பதிலை ஒப்பந்தத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும்வரைதான் உங்கள் பேச்சுக்கு அவரிடம் மதிப்பு அதிகம்.