திருகோணமலை வெப்பத்தில் முதல் கறுப்பு வெள்ளைப் படச்சுருளைக் கழுவுவது எப்படி?

எமது கல்லூரியின் புகைப்படத்துறையில் இருட்டறைக்குள் முதன்முதலாக நுழையும் மாணவர்கள், எந்த மருந்தை எத்தனை நிமிடம் சுருள் கழுவும் தாங்கிக்குள் வைத்திருக்க வேண்டும் என்றே முதலில் கேட்பார்கள். அதற்கான விடை படச்சுருள் வந்த பெட்டியின் உட்புறத்திலேயே பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்கும். ஆனால் அந்த அட்டவணைகள் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையை வைத்துக் கணக்கிடப்பட்டவை. இங்கே கூரைமேல் வைத்த கறுப்புத் தண்ணீர்த் தாங்கியிலிருந்து நண்பகலில் இறங்கும் தண்ணீர் 30 பாகையைச் சாதாரணமாகத் தாண்டிவிடுகிறது. கன்னியா வெந்நீரூற்றிலிருந்து நேரே குழாய் பதித்துவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றும். ஆகவே இந்த விளக்கத்தில் நேரத்தைவிட வெப்பநிலைக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கழுவுவதற்கு முதல் நாள்

உதாரணமாக இல்போர்ட் நிறுவனத்தின் எச்பி5 பிளஸ் என்னும் 400 வேக (ஒளியுணர்திறன்) சுருளையும் ஐடி-11 டெவலப்பரையும் (சுருளில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) எடுத்துக்கொள்வோம். கொடாக் நிறுவனத்தின் டி-76 உம் ஏறக்குறைய இதே சேர்மானம்தான். மெட்டோல் 2 கிராம், சோடியம் சல்பைற்று 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம் ஆகியவற்றை ஒரு லீற்றர் நீரில் கரைத்தால் அது கிடைத்துவிடும் என்பதால், இரசாயனவியல் துறையின் தராசு பக்கத்தில் இருக்கும் கல்லூரிகளில் இதைச் சொந்தமாகவே கலப்பதுண்டு. அவ்வாறு கலப்பவர்கள் மெட்டோலை முதலில் கரைக்க வேண்டும். சல்பைற்று செறிந்த நீரில் அது இலகுவில் கரையாது. மெட்டோல் சிலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவதால் கையுறை அணிவதைத் தவிர்க்க வேண்டாம்.

கலந்த டெவலப்பரை ஒரு பெரிய போத்தலில் அரைவாசிக்கு வைத்திருப்பதைவிட, பல சிறிய போத்தல்களில் வாய்வரை நிரப்பி வைப்பது நல்லது. காற்றும் வெப்பமும் சேர்ந்தால் அது விரைவில் வலுவிழக்கும். நிறம் கபிலமாக மாறியிருந்தால் அதை நம்பி ஒரு சுருளைப் பணயம் வைக்கக் கூடாது. படம் எடுத்து முடித்த சுருளையும் மோட்டார் சைக்கிளின் இருக்கைப் பெட்டிக்குள் விட்டுவைக்காமல் அன்றைக்கே துறைக்குக் கொண்டுவாருங்கள். குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்த சுருளாயின், அது அறை வெப்பநிலைக்கு வரும்வரை, குறைந்தது ஒரு மணித்தியாலம், டப்பாவைத் திறக்காமல் பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் எமது கடற்கரை ஈரப்பதன் முழுவதும் சுருளின்மேல் பனித்துப் படியும்.

இருட்டறைப் பதிவேட்டில் பெயர் எழுதும்போது காலை 8 மணி நேரத்தைப் பிடித்துக்கொள்ள முயலுங்கள். கூரைத் தாங்கித் தண்ணீர் அப்போதுதான் ஓரளவு குளிர்ந்திருக்கும். மூத்த மாணவர்கள் அந்த நேரத்தை வாரக் கணக்கில் முன்கூட்டியே எழுதி வைப்பது இதனால்தான்.

24 பாகையைத் தேர்ந்தெடுத்தல்

வெப்பநிலை ஒரு பாகை கூடும்போது கழுவும் நேரம் ஏறத்தாழ 10 சதவீதம் குறைய வேண்டும். எச்பி5 பிளஸ் சுருளுக்கு, ஒரு பங்கு ஐடி-11 உடன் ஒரு பங்கு நீர் கலந்த கரைசலில், 20 பாகையில் 13 நிமிடம் தேவை. 24 பாகையில் அது 9 நிமிடமாகிறது. 30 பாகையிலோ 5 நிமிடத்துக்கு வந்துவிடும். நீர் கலக்காத மூலக்கரைசலைப் பயன்படுத்தினால் 20 பாகையில் ஏழரை நிமிடம் என்பதால், 30 பாகையில் 3 நிமிடம்கூடத் தேவைப்படாது. நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே இறங்கும்போது, மருந்தை ஊற்றவும் வடிக்கவும் செல்லும் சில செக்கன்களே படத்தில் கோடாகவும் திட்டாகவும் தெரியத் தொடங்கும். 20 பாகைக்குக் குளிர்விப்பதோ நிறையப் பனிக்கட்டி கேட்கும் வேலை. குளிர்வித்த நீரும் வெளிச்சூட்டில் விரைவாகவே சூடேறிவிடும். எனவே தொடக்கநிலையாளர்களுக்கு 24 பாகையே பொருத்தமானது என்பது என் தீர்மானமான கருத்து.

இதற்கான கணக்கு எளிது. அறையில் இருக்கும் மூலக்கரைசல் 30 பாகையில் இருந்தால், அதில் 150 மில்லிலீற்றரை எடுத்து 18 பாகையிலுள்ள 150 மில்லிலீற்றர் நீருடன் கலந்தால், 24 பாகையில் 300 மில்லிலீற்றர் கிடைக்கும். ஒரு 35 மில்லிமீற்றர் சுருளுக்கு அது போதும். பனிக்கட்டியை மருந்துக்குள் நேரடியாகப் போடக் கூடாது. அது உருகும்போது கலவையின் செறிவு மாறிவிடும். அலசுவதற்கான நீரைத் தயாரிக்க, குளிர்சாதனப் பெட்டியிலிருந்து 5 பாகையில் எடுத்த தண்ணீர் 240 மில்லிலீற்றரையும் 30 பாகைக் குழாய்த் தண்ணீர் 760 மில்லிலீற்றரையும் கலந்தால் ஒரு லீற்றர் 24 பாகை நீர் தயாராகும்.

அடுத்து ஒரு பெரிய பேசினில் 24 பாகை நீரை நிரப்பி, நிறுத்து கரைசல் (டெவலப்பரின் வேலையை நிறுத்துவது), ஃபிக்ஸர் (படத்தை நிலைநிறுத்துவது), வெற்றுக் கழுவும் தாங்கி ஆகிய எல்லாவற்றையும் அதற்குள் கால் மணித்தியாலம் நிறுத்தி வையுங்கள். வெப்பநிலை ஏறினால் பேசினுக்குள் இரண்டு பனிக்கட்டிகளைப் போடலாம். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டு மற்றவற்றை 31 பாகையில் விட்டுவிடுவது எல்லா ஆண்டுப் பிரிவினரிடமும் காணப்படும் வழக்கம். சுருளின்மேல் உள்ள ஊன்பசை (ஜெலட்டின்) மென்மையாகி வீங்கியிருக்கும் நிலையில் திடீரென வெப்பம் மாறினால் படத்தின் மணித்தன்மை (புள்ளிபுள்ளியான தோற்றம்) பருத்துத் தெரியும். மாற்றம் பெரிதானால் மேற்பரப்பே சுருங்கி வலைபோல வெடிக்கவும் கூடும்.

இருட்டில் சுருளை ஏற்றுதல்

சிவப்பு விளக்கு படத்தாளில் அச்சிடுவதற்கு மட்டுமே உரியது. எச்பி5 போன்ற சுருள்கள் சிவப்பு ஒளியையும் பதிவு செய்வதால், தாங்கியின் மூடி பூட்டப்படும் வரை முழு இருட்டு வேண்டும். கைத்தொலைபேசியையும் ஒளிரும் கைக்கடிகாரத்தையும் வெளியே வைத்துவிட்டு, குளிரூட்டியின் சிறு விளக்கைக் கறுப்பு நாடாவால் மூடிவிட்டு, ஐந்து நிமிடம் இருட்டில் நின்று பாருங்கள். கதவின் அடியிலிருந்து ஒளிக்கீற்று வருவதைக் கண் அப்போதுதான் கண்டுபிடிக்கும்.

சுருளைச் சுற்றி ஏற்றும் பிளாஸ்டிக் ரீலில் சிறு ஈரம் இருந்தாலும் சுருள் அதில் ஒட்டிக்கொண்டு நகராது. இங்கே வியர்வையே அதற்குப் போதுமான ஈரம். ரீலை முதல் நாளே கழுவிக் காயவைத்து, தேவைப்பட்டால் முடி உலர்த்தியால் சூடு காட்டி, உள்ளே சென்றதும் கையை நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். சுருளின் நாக்கை, அதாவது தொடக்க முனையை, நேராக வெட்டி, இரு மூலைகளையும் சிறிது சாய்வாக நறுக்கினால் அது வழிகளுக்குள் தடையின்றி நுழையும். நடுவில் சிக்கினால் பலவந்தமாகத் தள்ளாமல், சுருளையும் ரீலையும் தாங்கிக்குள் போட்டு, ஒளிபுகாக் குழாயையும் மூடியையும் சரியாகப் பூட்டிவிட்டு, விளக்கைப் போட்டுக் கைகளை உலர்த்திய பின் மறுபடி தொடங்கலாம். பழைய சுருள் ஒன்றை வெளிச்சத்தில் பத்துப் பன்னிரண்டு முறை ஏற்றிப் பழகி, பிறகு கண்ணை மூடிக்கொண்டும் பழகிய பின்னரே இருட்டறைக்குச் செல்ல வேண்டும் என்று எங்கள் ஆய்வுகூடப் பொறுப்பாளர் வற்புறுத்துவதற்குத் தகுந்த காரணம் உண்டு.

ஊற்றுதலும் அசைத்தலும்

விளக்கைப் போட்ட பின் வெப்பமானியால் டெவலப்பரை மீண்டும் ஒருமுறை அளந்து பாருங்கள். 24 பாகை என்றால், அதைத் தாங்கிக்குள் ஊற்றும்போதே நேரத்தைத் தொடங்கி, முதல் 10 செக்கனில் தாங்கியை நான்கு முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். காற்றுக் குமிழிகள் விலகும்படி மேசையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசினுக்குள் வையுங்கள். ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் இதையே செய்யுங்கள். தாங்கியை உள்ளங்கைகளால் அணைத்துப் பிடிக்காமல் மூடியின் விளிம்பில் பிடிப்பது, கைச்சூடு மருந்துக்குப் போகாமல் தடுக்கும். முன்கூட்டியே நீரால் நனைப்பதை இல்போர்ட் பரிந்துரைப்பதில்லை. தாங்கியைப் பேசினில் குளிர்வித்து வைத்திருப்பதால் அதற்குத் தேவையும் இல்லை.

வடிப்பதற்கும் நேரம் செல்லும் என்பதால் 9 நிமிடம் முடிய 10 செக்கன் இருக்கும்போதே வடிக்கத் தொடங்குங்கள். நிறுத்து கரைசல் 10 செக்கன் போதும். ஃபிக்ஸரை ஒன்றுக்கு நான்கு பங்கு நீர் சேர்த்துக் கலந்து, அதே முறையில் அசைத்து, 3 முதல் 5 நிமிடம் வரை வைத்திருங்கள். பழைய ஃபிக்ஸரின் வலுவில் சந்தேகம் இருந்தால், முன்பு வெட்டிய நாக்குத் துண்டை அதற்குள் போட்டு, அது கண்ணாடிபோலத் தெளிய எவ்வளவு நேரம் செல்கிறது என்று பாருங்கள். அந்த நேரத்தின் இரு மடங்கே உங்கள் சுருளுக்குரிய நேரமாகும்.

அலசுவதற்குக் குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. தாங்கியில் 24 பாகை நீரை நிரப்பி ஐந்து முறை கவிழ்த்து வடித்து, மீண்டும் நிரப்பிப் பத்து முறை, மூன்றாவதாக நிரப்பி இருபது முறை கவிழ்த்தால் இல்போர்ட் கூறும் முறைப்படி அலசல் முடிந்துவிடும். ஒரு லீற்றருக்குள் காரியம் முடியும். கடைசியாக, நீர் துளியாகத் தங்காமல் வழியச் செய்யும் நனைப்புத் திரவத்தின் சில துளிகளைக் காய்ச்சி வடித்த நீரில் கலந்து சுருளை அமிழ்த்துங்கள். கிணற்று நீரைப் பயன்படுத்தினால் சுண்ணாம்புப் புள்ளிகள் படியும். வாகன உதிரிப்பாகக் கடைகளில் கிடைக்கும் பற்றரித் தண்ணீர் இதற்குப் போதுமானது. ஆனால் அமிலம் சேர்க்கப்படாத நீர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

உலர்த்துவதும் பார்ப்பதும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் சுருள் விரைவாகவே காயும். ஆனால் அந்தக் காற்றோடு வரும் புழுதி ஈர ஊன்பசையில் ஒட்டினால் பிறகு எடுக்க முடியாது. யன்னல்களை மூடிவிட்டு, தரையில் சிறிது தண்ணீர் தெளித்து, கீழ்முனையில் பாரமான கிளிப்பைப் பூட்டித் தொங்கவிடுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் மழை ஈரம் காரணமாக இரவு முழுவதும் தொங்க வேண்டியிருக்கலாம். எந்தப் பருவத்திலும் மின்விசிறி வேண்டாம்.

காய்ந்த சுருளில், அதாவது நெகட்டிவில், ஒளி அதிகம் பட்ட இடமே கறுப்பாகத் தெரியும். அதை ஒளிமேசையில் வைத்து, முதலில் ஓரத்தில் அச்சாகியிருக்கும் எண்களைப் பாருங்கள். அவை தொழிற்சாலையிலேயே ஒளியூட்டப்பட்டவை என்பதால் உங்கள் கமரா அமைப்புக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. எண்கள் மங்கலாக இருந்தால் கழுவுதலில்தான் குறை: மருந்து வலுவிழந்திருக்கும், அல்லது நேரம் போதாமல் இருந்திருக்கும். எண்கள் நன்கு கறுத்திருக்கப் படங்கள் மட்டும் வெளிறியிருந்தால், படமெடுக்கும்போது ஒளி குறைந்துவிட்டது. பிரெட்ரிக் கோட்டை வாயிலின் நிழலில் எடுத்த படத்தில் கல்லின் விவரம் தெரிந்து, ஒல்லாந்தர் குடாவின் வானம் மட்டும் ஊடுருவ முடியாத கறுப்பாக இருந்தால், ஒளியூட்டலில் தவறில்லை. பெரும்பாலும் மருந்து சூடாக இருந்திருக்கிறது. அடுத்த சுருளுக்கு நேரத்தை 10 சதவீதம் குறைப்பதற்கு முன், பேசினின் வெப்பநிலையைத் தொடக்கத்திலும் முடிவிலும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு ஆறு சட்டங்களாக வெட்டி உறையில் இட்டு, உறையின்மேல் சுருளின் பெயர், மருந்தின் விகிதம், இரு வெப்பநிலைகள், நேரம், திகதி ஆகியவற்றை எழுதுங்கள். பயன்படுத்திய ஃபிக்ஸரில் வெள்ளி கரைந்திருப்பதால் அதைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றக் கூடாது. அந்த வடிகால் சென்றடைவது கடலைத்தான். அதைக் கழிவுப் போத்தலில் ஊற்றி, எத்தனையாவது சுருள் என்பதைப் போத்தலில் கட்டியிருக்கும் அட்டையில் குறித்துவிட்டு, தாங்கியையும் ரீலையும் கழுவிக் கவிழ்த்து வைத்த பின் பதிவேட்டில் வெளியேறும் நேரத்தை எழுதுங்கள்.