ஊர் வீட்டைத் திருத்தப் போகிறீர்களா? முதலில் காணி உறுதியை வாசியுங்கள்

ஆடி, ஆவணி விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போகிற பலர் இப்போது ஒரு வேலைப் பட்டியலோடுதான் போகிறார்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கு ஓடு மாற்றவேண்டும், கிணறு இறைக்கவேண்டும், உக்கிப்போன வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டவேண்டும். நானும் அந்த எண்ணத்தோடுதான் வடமராட்சிக்குப் போனேன். ஓடு பாதிதான் மாறியது. மதிலுக்கு அத்திவாரம்கூட வெட்டவில்லை. காசு இருந்தது, ஆளும் கிடைத்தது, ஒரு கையெழுத்துத்தான் வரவில்லை. அடுத்த கோடையில் போக இருப்பவர்களுக்கு இது பயன்படும் என்று எழுதுகிறேன். பெட்டியில் என்ன வைப்பது என்பது உங்களுக்கே தெரியும்.

காலத்தைப் பற்றி முதலில். வடக்கில் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை. கூரை வேலை அதற்குமுன் முடியவேண்டும். ஆவணி, புரட்டாதியில் கிணற்று நீர் ஆகக் கீழே போய்விடும், இறைத்துச் சேறு அள்ளவும் அதுதான் நல்ல நேரம். ஆனால் வெளிநாட்டிலிருந்து எல்லாரும் வந்து இறங்குவதும் அப்போதுதான். நல்லூர்க் கொடி ஏறினால் 25 நாள் திருவிழா. வாடகை வானும் மேசனும் தச்சரும் ஒருசேரக் கிடைப்பது கஷ்டம். ஆகவே வைகாசியிலேயே மேசனோடு கதைத்து, எவ்வளவு ஓடு, எவ்வளவு சலாகை என்று அளந்துவிடச் சொல்லுங்கள். கூரை வேலையைக் கொந்தராத்துக்குக் கொடுப்பதைவிட நாட்கூலிக்குச் செய்விப்பதே நல்லது என்பது என் அபிப்பிராயம். பழைய ஓட்டைக் கழற்றும்வரை கறையான் எதுவரை தின்றிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கொந்தராத்துக்காரர் அதைப் பார்த்ததும் ஒன்றில் விலையைக் கூட்டுவார், அல்லது உக்கின சலாகையின் மேலேயே ஓட்டை அடுக்குவார். இன்னொன்று, வளவு மரங்களில் கை வைக்குமுன் விசாரியுங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றும் சொந்த வளவில் நின்றாலும் அனுமதி இல்லாமல் தறிக்கக்கூடாது. மணல் ஏற்றிவரும் வாகனத்துக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டும். இரவோடு இரவாக மலிவாய்க் கொண்டுவந்து பறிக்கிறேன் என்பவரை விட்டுவிடுங்கள்.

கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வான் பிடித்து வருகிறவர்கள் முடிந்தால் பகலில் வாருங்கள். ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓட்டம். பிள்ளைகளோடு வந்தால் நாள் முழுக்க என்றே வைத்துக்கொள்ளுங்கள். புத்தளம், அனுராதபுரம் பக்கம் யானை கடக்கும். வவுனியா தாண்டினால் ஏ9 வீதியில் மாடுகள் படுத்திருக்கும், இருட்டில் கிட்டப்போகும்வரை தெரியாது. நீங்களே ஓட்டுவதென்றால் கையில் இருக்கும் சர்வதேச அனுமதிப்பத்திரத்துக்கு இலங்கையில் ஏற்பு எடுக்கவேண்டும். ஊர்மனைக்குள் மணிக்கு 50, வெளியே 70 கிலோமீற்றர்தான் வேக எல்லை, பொலிஸ் மறைந்து நின்று பிடிப்பார்கள். முறிகண்டியில் சாரதி நிறுத்துவார், பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார், கச்சான் வாங்குவார். அவரை அவசரப்படுத்தாதீர்கள். ஆனையிறவில் உப்புக்காற்று முகத்தில் அடிக்கும்போது யாரும் பேசமாட்டார்கள். அதற்கு நான் ஒரு ஆலோசனையும் சொல்ல முடியாது.

சரி, உறுதிக்கு, அதாவது காணிப் பத்திரத்துக்கு வருவோம்.

எங்கள் வளவின் தெற்கு வேலியில் ஒரு பொட்டு இருக்கிறது. கிளுவைக் கதியால் இரண்டுக்கு நடுவே ஓர் ஆள் சரிந்து நுழையும் இடைவெளி. இரண்டு கதியாலும் தோள் உயரத்தில் பட்டை போய் வழுவழுப்பாக இருக்கும், அத்தனை காலமாக ஆட்கள் உரசிப் போயிருக்கிறார்கள். பக்கத்து வளவு அக்கா எங்கள் கிணற்றுக்கு வருவது அதற்குள்ளால்தான். எங்கள் கிணறு என்று நாங்கள் சொல்லிப் பழகிவிட்டோம், ஆனால் அது பங்குக் கிணறு. அப்பப்பாவின் உறுதியை எடுத்து வாசித்தால், காணியின் பெயர், பரப்புக் கணக்கு, நாலு எல்லை, வீடு, வான்பயிர், செய்பயிர் எல்லாம் சொல்லி முடித்தபிறகு, கிணற்றில் பங்கும் வழி வாய்க்கால் உரித்தும் யார் யாருக்கு என்று ஒரு வரி வரும். உங்கள் உறுதியிலும் அப்படி ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், அந்தப் பாதையை மதில் கட்டி அடைக்க உங்களுக்கு உரிமை இல்லை. விலைக்குப் போன காணியாக இருந்தாலும் அந்தப் பங்கு காணியோடு சேர்ந்து போகும்.

மதிலுக்கு அனுமதி கேட்டுப் போன அலுவலகத்தில் முதல் கேள்வி, உறுதி யாருடைய பெயரில் என்பது. அப்பப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. அவரும் இல்லை, அப்பாவும் இல்லை, இடையில் போர் வந்து ஊரே இடம்பெயர்ந்தது, பெயர் மாற்ற யாருக்கு நேரம் இருந்தது? அப்படியானால் உரித்தாளிகள் எல்லாரும் எழுத்தில் சம்மதம் தரவேண்டும் என்றார்கள். கேட்டது நியாயம், அதில் எனக்குக் கோபம் இல்லை. கேட்ட விதத்தில்தான் இன்றைக்கும் மனம் ஆறவில்லை. ஒருமுறை போனால் ஒன்றைத்தான் சொல்வார்கள். இறப்புச் சான்றிதழைக் கொண்டுபோனால் பிறப்புச் சான்றிதழ் எங்கே என்பார்கள். அதைக் கொண்டுபோனால் அதிலே அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து வேறு, ஆகவே இருவரும் ஒருவரே என்று சமாதான நீதவானிடம் சத்தியக்கடதாசி முடித்து வரவேண்டும். முடித்துக் கொண்டுபோனால் உரியவர் வெளிக்கள வேலைக்குப் போய்விட்டார், மறுநாள் போயா விடுமுறை. வாங்கில் என்னோடு இருந்த ஒரு முதியவர் துணிப்பைக்குள் தன் கடதாசிகளைப் பொலித்தீனில் சுற்றி வைத்திருந்தார். இடம்பெயர்ந்து போன இடமெல்லாம் அதைக் கொண்டு திரிந்தவர். ஒவ்வொரு முறையும் அதை அவிழ்த்துக் காட்டி, மறுபடி சுற்றி, ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். எங்களுக்குப் பயணச்சீட்டுத் திகதி இருக்கிறது, முடியாவிட்டால் திரும்பிப் போய்விடுவோம். அவர் எங்கே போவார்?

ஆகவே முதல் நாளே இந்த வேலைக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதித் தரச்சொல்லிக் கேளுங்கள். எழுத மறுத்தால் நீங்களே எழுதி, வாசித்துக் காட்டி, சரியா என்று கேளுங்கள். பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்களின் பிரதிகளை ஊரில் இருப்பவர் ஒருவர் மூலம் முன்கூட்டியே எடுப்பியுங்கள். காணிப் பதிவகத்தில் தோம்பு, அதாவது உங்கள் காணியின் பதிவேட்டுப் பிரதி, எடுத்துப் பாருங்கள், உங்களுக்குத் தெரியாமல் ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அங்கே தெரியும். எல்லையில் சந்தேகம் இருந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளரை அழையுங்கள், அவர் சங்கிலி பிடிக்கும்போது பக்கத்துக் காணிக்காரர் கட்டாயம் கூட நிற்கவேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு எடுத்தவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்கவேண்டும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி அவர்கள் இலங்கையில் காணி வாங்க முடியாது. பெற்றோர் வழியாக உரித்தாக வருவதற்கு அது தடையில்லை, இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கும் தடையில்லை.

மற்ற எல்லாக் கையெழுத்தும் வந்தது. கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் கையெழுத்து வரவில்லை. தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்புவதாகத்தான் முதலில் சொன்னார். பிறகு வைபரில் ஒரு நிபந்தனை வந்தது. "மதிலைக் கட்டு, நான் மறிக்கேல்லை. ஆனா பொட்டு இருக்கக்கூடாது. அவையள் கிணத்துப் பங்கை விட்டுத் தாறம் எண்டு எழுதி ஒப்பம் வைக்கவேணும். அதுக்குப் பிறகு நான் வைக்கிறன்."

அவருடைய பயத்தை நான் குறைவாக எண்ணவில்லை. பத்து ஆண்டுகள் தடையில்லாமல் ஒரு காணியை ஆண்டு அனுபவித்தவர் அதற்கு ஆட்சி உரித்துக் கேட்கலாம் என்பது சட்டம். போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவர்களின் காணி அப்படிப் போகக்கூடாது என்று 2016இல் தனிச்சட்டமே கொண்டுவரவேண்டி இருந்தது. விட்டுவிட்டு வந்தவர்களுக்கு எந்த வேலியைப் பார்த்தாலும் அது நகர்ந்து வருவதுபோலத்தான் தோன்றும். ஆனால் இந்த அக்காவின் உரித்து யாரும் பார்க்காத நேரத்தில் ஊர்ந்து வந்ததல்ல, எங்கள் அப்பப்பாவே உறுதியில் எழுதி ஒப்பமிட்டது. அதோடு, அப்பா செத்தபோது பிள்ளைகள் எங்களில் ஒருவருக்கும் வர முடியவில்லை. சித்தப்பாவும் வரவில்லை. கொள்ளி வைத்தது அக்காவின் மகன். எட்டுச்செலவுக்குச் சமைத்த பானைகள் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் வந்தன என்று பிறகு ஊரார் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு இந்தக் கதை எப்படியோ போய்விட்டது. ஒரு காலை கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டுச் சொன்னார். "தம்பி, எங்கடை வளவிலையும் இப்ப கிணறு இருக்கு. பொட்டை அடைக்கிறதெண்டால் அடையுங்கோ, நான் ஒண்டும் சொல்லமாட்டன். ஆனா ஒப்பம் வைக்கச் சொல்லிக் கேக்காதேங்கோ."

நான் கேட்கவில்லை. சித்தப்பாவின் கடிதமும் வரவில்லை. ஒழுங்கையில் பறித்த சீமெந்துக் கல் அப்படியே குவிந்து கிடந்தது. அந்த இழுபறிக்குள் மேசன்மார் அடுத்த வேலைக்குப் போய்விட்டதால் பின்விறாந்தைக் கூரையும் பாதியில் நின்றது. கடைசியில் தென்னங்கிடுகு வாங்கி வேலியையே திரும்ப அடைப்பித்தேன், பொட்டை விட்டுத்தான். கதியால் செத்த இடங்களில் புதிதாக ஊன்றுவதை மாரி தொடங்கியபின் செய்யச் சொல்லியிருக்கிறேன், அப்போதுதான் பிடிக்கும்.

எனவே உரித்தாளிகள் நாலு நாட்டில் இருக்கிறார்கள் என்றால் பயணச்சீட்டு வாங்குமுன் அந்தச் சம்மதங்களைக் கையில் எடுங்கள். அற்றோணித் தத்துவம், அதாவது தனக்காக ஒப்பமிடும் அதிகாரம், தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது இலங்கைத் தூதரகத்தில் அத்தாட்சிப்பட்டு, ஊரில் பதிவான பிறகுதான் வேலைக்கு ஆள் கூப்பிடுங்கள். பக்கத்து வீட்டாரின் உரித்தை உங்கள் குடும்பத்துப் பேரத்தில் பொருளாக வைக்கச்சொல்லி எந்த உறவுக்காரர் கேட்டாலும் இடம் கொடுக்காதீர்கள். நீங்கள் விமானம் ஏறிவிடுவீர்கள். இரவில் நாய் குரைத்தால் எழும்பிவந்து உங்கள் வீட்டுக்கு ரோச் அடித்துப் பார்ப்பது அந்த மனிதர்தான்.

அக்கம்பக்கத்தாரோடு வான் பிடித்து ஒரு பயணம் போகாமல் திரும்பாதீர்கள். நாங்கள் திருகோணமலைக்குப் போனோம். வவுனியா, ஹொறவப்பொத்தானை வழி. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளில் பிள்ளைகள் ஒவ்வொன்றாக அள்ளி ஊற்றிச் சூட்டை ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அப்புறம் கோணேச்சரம். வெயிலுக்குமுன் புறப்பட விடிய நாலு மணிக்கே எல்லாரும் ஒழுங்கையில் நிற்கவேண்டும். வான்காரர் ஊரவராக இருந்தால் நல்லது. எல்லாச் செலவையும் நீங்களே கட்டிவிடாதீர்கள். வெளிநாட்டுக் காசு இருக்கிறது என்பதற்காக டீசல், சாப்பாடு, தேத்தண்ணி எல்லாவற்றுக்கும் கை நீட்டினால் மற்றவர்கள் விருந்தாளி ஆகிவிடுவார்கள், அடுத்தமுறை வரமாட்டார்கள். வான் கூலி உங்களுடையது என்றால் சாப்பாடு அவர்களுடையதாக இருக்கட்டும். அக்கா கட்டிவந்த இடியப்பமும் சம்பலும் ஹொறவப்பொத்தானைப் பக்கம் ஒரு மரத்தடியில் பிரித்தோம். சித்தப்பாவின் நிபந்தனையைப் பற்றி அன்றைக்கு யாரும் வாய் திறக்கவில்லை.

புறப்படுமுன் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். திறப்பு யாரிடம், மின்கட்டணத்துக்கு எவ்வளவு காசு முன்கூட்டிக் கொடுத்திருக்கிறது, தேங்காயும் மாங்காயும் யார் பறிக்கலாம், மழைக்குமுன் எந்த வேலை முடியவேண்டும், அதற்கு யார் பொறுப்பு. இவற்றை வாயால் சொல்லிவிட்டுப் போனால் ஆறு மாதத்தில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி நினைவிருக்கும், பழி பக்கத்து வீட்டார்மேல் விழும். காசை அவர்கள் கேட்காமலே கொடுங்கள், வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். நான் எழுதிய தாளில், ஒழுங்கையில் கிடக்கும் கல்லை அக்காவின் மகன் தன் மாட்டுக்கொட்டிலுக்கு எடுக்கலாம் என்பதும் இருக்கிறது. ஒரு பிரதியை அக்காவிடம் கொடுத்து, இன்னொன்றைப் படம் எடுத்துச் சித்தப்பாவுக்கும் அனுப்பியிருக்கிறேன்.