கன்ஃபைண்டு மேசனரி: முதலில் சுவர், பிறகு தூண்

வழக்கமான பில்லர் வீட்டில் தூணும் பீமும் முதலில் எழும்பும், செங்கல் பிறகு இடத்தை அடைக்க வரும். கன்ஃபைண்டு மேசனரியில் வரிசை தலைகீழ். சுவரைக் கட்டி, அதன் ஓரத்தைக் கவ்வும்படி தூணுக்குக் கான்கிரீட் போட்டு, அதன்மேல் பீமும் தளமும் வார்க்கிறோம். மெக்சிகோ, சிலி, பெரு நாடுகளில் இது சாதாரண வீட்டுக் கட்டுமானம். இந்தியாவில் காந்திநகர் ஐஐடி வளாகத்தின் விடுதிகளும் குடியிருப்புகளும் இப்படிக் கட்டியவை.

பில்லர் வீட்டில் சுவர் உச்சிக்கும் பீமுக்கும் நடுவில் மயிரிழைச் சந்து விழும். நிலம் ஆடினால் சட்டகம் ஒரு போக்கு, சுவர் ஒரு போக்கு. இங்கே தளத்தின் எடை நேராகச் சுவரில் இறங்குகிறது. பக்கவாட்டு விசையையும் சுவர்தான் வாங்குகிறது. மூலைவிட்டமாக விரிசல் விழுந்த பிறகு செங்கல் பிதுங்கிச் சரியாமல் பிடித்து வைப்பதே தூண், பீமின் வேலை. அதனால் “தூணைப் பெரிதாகப் போட்டாச்சு, சுவரைக் குறைக்கலாம்” என்ற கணக்கு இங்கே செல்லாது.

படி 1: சுவர் போதுமா?
நிலநடுக்கப் பகுதியில் 2 மாடி வரை, ஒரு தளப் பரப்பில் குறைந்தது 2 சதவீதம் சுவர் (மேலிருந்து பார்த்தால் சுவர் அடைக்கும் பரப்பு, அதாவது நீளம் × தடிமன்) ஒவ்வொரு திசையிலும் வேண்டும் என்பது தொடக்கக் கணக்கு. 8 × 10 மீ. வீட்டுக்கு 80 ச.மீ., அதில் 2 சதவீதம் 1.6 ச.மீ. 230 மி.மீ. (ஒன்பது இஞ்ச்) சுவரானால் ஒவ்வொரு திசைக்கும் 7 மீ. நீளம், 115 மி.மீ. சுவரானால் 14 மீ. இரு முனையிலும் தூண் உள்ள சுவரை மட்டும் எண்ணுங்கள். கதவு, ஜன்னல் அகலத்தைக் கழியுங்கள். குறுகிய மனையில் நீளவாட்டுச் சுவர் தாராளமாக இருக்கும், குறுக்கே பார்த்தால் கதவும் ஷட்டரும்தான் மிஞ்சும். கணக்கு உதைப்பது அங்கேதான். இறுதிக் கணக்கை ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் சரிபார்க்க வேண்டும்.

படி 2: தூண் எங்கே?
சுவர்கள் சந்திக்கும் இடம், சுவரின் தனி முனை, பெரிய திறப்பின் இரு பக்கம். ஆபத்து அதிகமான பகுதியில் இடைவெளி 4.5 மீட்டரைத் தாண்டக் கூடாது. தூணின் அளவு: ஒரு பக்கம் சுவர்த் தடிமன், மறுபக்கம் குறைந்தது 150 மி.மீ. 10 மி.மீ. கம்பி நான்கு, அவற்றைச் சுற்றிக் கட்டும் 6 மி.மீ. ரிங் 200 மி.மீ.க்கு ஒன்று, மேல் கீழ் 500 மி.மீ. உயரத்துக்கு மட்டும் 100 மி.மீ.க்கு ஒன்று. ரிங் முனையின் கொக்கி 135 டிகிரி, வால் 65 மி.மீ. கம்பிக்கூட்டைப் பிளின்த் பீமிலேயே (அஸ்திவாரத்துக்கு மேல், சுவருக்கு அடியில் ஓடும் பீம்) நட்டுவிட்டுச் சுவரைத் தொடங்குங்கள்.

படி 3: பல் விடுவது
பலரும் சறுக்கும் இடம் இது. தூண் பக்கம் ஒரு வரி விட்டு ஒரு வரி கால் செங்கல், அதாவது 55–60 மி.மீ., நீட்ட வேண்டும். அரைச் செங்கல் நீட்டினால் பல்லின் அடியில் கான்கிரீட் போய்ச் சேராது. சென்ட்ரிங்கைப் பிரித்தால் ஒவ்வொரு பல்லுக்கும் கீழே தேன்கூடு போல் ஓட்டைகள்; விரலை விட்டால் உள்ளே போகும். சுவரும் தூணும் பிரிவது அந்த வரிசையில்தான்.

தடுக்க: ஜல்லி 12 மி.மீ., 20 வேண்டாம். ஸ்லம்ப் (கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் அளவு) 100–125 மி.மீ. பல்லில் வழிந்த கலவையை அன்றே கரணையால் சுரண்டுங்கள். காய்ந்தால் தட்டும்போது பல்லும் சேர்ந்து உடையும். தூணின் அடியில் ஒரு திறப்பு விட்டு, விழுந்த கலவையைக் கழுவி எடுத்த பின் அடையுங்கள். கான்கிரீட் போடுவதற்குச் சற்று முன் செங்கலை நனையுங்கள். காய்ந்த செங்கல் கான்கிரீட்டின் நீரைக் குடித்துவிடும்.

சுவரை ஒரு நாளில் 1.2 மீட்டருக்கு மேல் ஏற்ற வேண்டாம். வைப்ரேட்டருக்கு 25 மி.மீ. நீடில்தான் என் தேர்வு, 40 மி.மீ. கம்பிக்குள் சிக்கும், பல்லையும் ஆட்டிவிடும். சென்ட்ரிங்குக்குப் பலகையைவிடப் பிளைவுட் மேல். சுவரோடு சேரும் விளிம்பில் ஃபோம் டேப் ஒட்டினால் சிமெண்ட் பால் கசியாது.

படி 4: பீமின் மூலை
உயரம் குறைந்தது 150 மி.மீ., 10 மி.மீ. கம்பி நான்கு. மூலையில் கம்பியை நேராக வெட்டி நிறுத்தாதீர்கள். உட்பக்கக் கம்பியும் எதிர்ச்சுவரின் வெளிமுகம் வரை போய் வளைய வேண்டும். வெளிக்கம்பிக்கு ‘எல்’ கம்பி, 500 மி.மீ. லேப் (ஒன்றன்மேல் ஒன்று சேரும் நீளம்). இது விட்டுப்போனால் ஆட்டத்தில் மூலை வாய் பிளக்கும்.

பிற்சேர்க்கை: பல் விட மேஸ்திரி தயங்குகிறார் என்றாலோ, ஓரம் எளிதில் உடையும் ஏஏசி பிளாக் (எடை குறைந்த, காற்றுத் துளையுள்ள கான்கிரீட் கல்) என்றாலோ, சுவரை நேராக முடித்து, படுக்கை மூட்டுகளில் (வரிகளுக்கு இடையிலான கிடைக் கலவையில்) 6 மி.மீ. கம்பி வைத்துத் தூணுக்குள் நீட்டலாம். இன்னொன்று, தூணுக்குள் மின்குழாய் விடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கூடாது. 150 மி.மீ. தூணில் 25 மி.மீ. குழாய் ஓடினால் ரிங்குக்குள் கான்கிரீட் இறங்க வழியே இருக்காது. குழாயைச் சுவரில் செங்குத்தாக விடுங்கள், 115 மி.மீ. சுவரில் கிடைமட்டமாக வெட்டவே வேண்டாம்.