பட்டாளத்துப் படத்தில் பாட்டாவைத் தேடுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

குமரி மாவட்டத்தில் பல வீட்டு அலமாரிகளில் இப்படி ஒரு படம் கிடக்கும். காக்கி உடுத்த முப்பது நாற்பது பேர், மூன்று வரிசை, முன்னால் நாற்காலியில் அதிகாரிகள். இரண்டாம் உலகப்போர் காலத்துப் படம். "இதுல நம்ம பாட்டா உண்டு" (பாட்டா என்றாலும் அப்பூப்பன் என்றாலும் தாத்தாதான்) என்று சொன்னவர் போய்ச் சேர்ந்துவிட்டார். எத்தனையாவது ஆள் என்று சொல்லவில்லை. உடனே பூதக்கண்ணாடியோடு முகம் தேட உட்கார்ந்துவிடுகிறோம். தவறு அங்கேதான் தொடங்குகிறது. முகத்தைக் கடைசியில் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு, வீட்டில் இருக்கும் மூத்தவரிடம் கேட்கும் விதம். கல்யாண வீட்டில் பத்துப்பேர் சுற்றி நிற்க, ஒரு முகத்தில் விரலை வைத்து, "அம்மூம்மா, இது அப்பூப்பன்தானே?" என்று கேட்டால் தொண்ணூறு வயதுக் கிழவி என்ன சொல்லும்? "ஆமா மக்களே" என்றுதான் சொல்லும். பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள், கண்ணும் சரியாகத் தெரியவில்லை. மறுநாளே அது குடும்ப வரலாறாகி, பேரும் போட்டு வாட்சாப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். அப்புறம் யார் மறுத்தாலும் சண்டைதான். எனவே ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். யாரைத் தேடுகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல், "இதுல தெரிஞ்சவங்க யாராவது உண்டா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லவேண்டாம். மூன்று பேர் தனித்தனியே ஒரே ஆளைக் காட்டினால் அதற்கு மதிப்பு உண்டு.

"எங்க பாட்டா நல்ல வெளுப்பு, இவரு கறுப்பு" என்று தள்ளுவதும் நடக்கிறது. அந்தக்கால ஃபிலிம்களில் ஒருவகை சிவப்பு நிறத்தைப் பிடிக்காது. சிவப்பு கறுப்பாகவும் நீலம் வெளுப்பாகவும் விழும். நம்மவர் தோல் உள்ளதைவிட இருண்டு தெரியும். மெடல் ரிப்பனின் நிறத்தை ஊகிப்பதும் இதனாலேயே ஆபத்து. மறுவைத் தேடும்போதும் கவனம் வேண்டும். நெகட்டிவ் புரண்டு அச்சானால் இடது கன்னத்து மறு வலது கன்னத்துக்குப் போய்விடும். இதைச் சோதிக்க வழி உண்டு. மெடல் ரிப்பன் குத்துவது இடது மார்பில். பார்க்கிற நமக்கு அது வலப்பக்கம் தெரியவேண்டும். இடப்பக்கம் தெரிந்தால் படம் திரும்பியிருக்கிறது. மீசையை நம்பவே வேண்டாம், பட்டாளத்தில் மீசை வரும் போகும். காது மடலின் மடிப்பைப் பாருங்கள், வயதானாலும் அது பெரிதாக மாறாது.

படத்தின் பின்பக்கத்தைப் பார்க்காமல் சட்டத்துக்குள்ளேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. பெயர், தேதி, ஸ்டூடியோ முத்திரை எல்லாம் அங்கேதான் இருக்கும். ஆனால் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிடுங்காதீர்கள், ஈரத்துணியால் துடைக்கவும் வேண்டாம், முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடிக்கு மேலேயே நல்ல வெளிச்சத்தில் ஒரு நகல் எடுத்தால் போதும்.

பின்பக்கத் தேதியில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். இந்த மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. அன்று ஊரில் நடமாடியது கொல்லம் ஆண்டு, அதாவது மலையாள ஆண்டு. "1119 மேடம்" என்றிருந்தால் 825 கூட்டுங்கள்: 1944 ஏப்ரல்-மே. ஆண்டு தொடங்கும் சிங்க மாதம் (ஆகஸ்ட்-செப்டம்பர்) முதல் டிசம்பர் முடியும்வரை 824 கூட்ட வேண்டும். பேச்சில் ஆயிரமும் நூறும் விழுந்துபோகும். வெறும் "19" என்பதை 1919 என்று படித்து, பாட்டாவை முதல் உலகப்போருக்கே அனுப்பிவிடுவார்கள்.

வயதுக்கணக்கும் அப்படித்தான். "99 வெள்ளத்துல கைக்குழந்தை" என்று சொல்லக் கேட்டிருந்தால், அது கொல்லம் 1099-இன் பெருவெள்ளம், அதாவது 1924 ஜூலை. அந்தக் குழந்தைக்கு 1943-இல் இருபது வயதை ஒட்டித்தான் இருக்கும். நாற்பது வயதுத் தோற்றத்தில், கையில் மூன்று பட்டையோடு நிற்கும் ஹவில்தார் அவராக இருக்க வழியில்லை. முகம் எவ்வளவு ஒத்தாலும் சரி. ஒரு பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். பென்ஷன் புத்தகமோ டிஸ்சார்ஜ் சர்டிபிகேட்டோ வீட்டில் இருந்தால் அதிலுள்ள ரேங்கோடு ஒப்பிடுங்கள்.

காக்கி போட்டவரெல்லாம் துப்பாக்கி பிடித்தவரும் இல்லை, இங்கிருந்து போனவரெல்லாம் மெட்ராஸ் ரெஜிமெண்டும் இல்லை. பாலமும் சாலையும் போடும் சப்பர்ஸ், உடலுழைப்பு வேலை செய்யும் பயனியர், லாரி ஓட்டும் சர்வீஸ் கோர், மருத்துவப் பிரிவு எனப் பலவற்றிலும் நம்மவர்கள் இருந்தார்கள். போர்க்காலத்தில் அசாமுக்குச் சாலை வேலைக்கு ஆள் போனதும் உண்டு. தொப்பியிலோ தோளிலோ சங்கு தெரிந்தால் திருவிதாங்கூர் சமஸ்தானப் படையா என்று யோசியுங்கள். அந்தப் பட்டாளம்தான் பின்னாளில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 9, 16-ஆம் பட்டாலியன்களானது. மலேயா, சிங்கப்பூர் என்ற பேச்சு வந்ததுமே "நேதாஜி படை" என்று எழுதிவிடுவதும் அவசரம். நேதாஜியின் அந்தப் படையான ஐ.என்.ஏ.வில் பலர் உடுத்தியதும் அதே பிரிட்டிஷ் காக்கிதான். உடையை வைத்து மட்டும் பிரிக்க முடியாது.

பதிவேடுகளில் தேடும்போது "கன்னியாகுமரி" என்று போட்டால் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. திருவிதாங்கூர், திருவனந்தபுரம், நாகர்கோவில் என்று போட்டுப் பாருங்கள். ஞானமுத்து, வேதமாணிக்கம் போன்ற பெயர்களை ஆங்கில எழுத்தில் எழுதிய குமாஸ்தா எப்படி எழுதினாரோ, அத்தனை விதமாகவும் தேடவேண்டும். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில், இரண்டாம் போரைப் பொறுத்தவரை, 1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை இறந்தவர்கள்தான் இருப்பார்கள். உயிரோடு ஊர் திரும்பிய பாட்டாவை அங்கே தேடிப் பயனில்லை. சர்வீஸ் நம்பர் தெரிந்தால் நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டு, எந்த ரெக்கார்ட் ஆபீசுக்கு எழுதுவது என்று தெரிந்துகொள்ளலாம்.

இப்போது புதிதாக ஒரு வம்பு வந்திருக்கிறது. மங்கிய முகத்தைச் செயலியில் போட்டுப் பளிச்சென்று ஆக்குகிறார்கள். அந்தச் செயலி இல்லாத கண்ணையும் மூக்கையும் தானாகவே வரைந்து வைக்கும். அதைக் கொண்டுபோய்ப் பாட்டாவின் பேரனோடு ஒப்பிட்டு "அச்சு அசல்" என்பது வேடிக்கைதான். ஸ்கேன் செய்த மூலப்படத்தை மட்டும் வைத்துப் பாருங்கள், குறைந்தது 600 டி.பி.ஐ. (அங்குலத்துக்கு 600 புள்ளி) இருக்கட்டும். வாட்சாப்பில் வந்தது வேண்டாம்.

கடைசியில் பெயர் எழுதும்போது அசல் படத்தின் மேல் பால்பாயிண்ட் பேனாவை வைக்காதீர்கள். ஒரு நகலில் எல்லாத் தலைக்கும் எண் போட்டு, தனித்தாளில் எழுதுங்கள்: எண், பெயர், யார் சொன்னது, எப்போது சொன்னது, உறுதியா சந்தேகமா. இரண்டு குடும்பம் ஒரே ஆளைக் கேட்டு வந்தால் இரண்டு பெயரையும் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிடலாம்.