அமெரிக்க வீட்டுக் காப்பீடு: டிடக்டிபிளைக் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி?

டெக்சஸில் வீடு வாங்குகிறவர்களில் பலர், கடன் தரும் வங்கி கேட்கிறது என்பதற்காக ஏதோ ஒரு காப்பீட்டை எடுத்துவிட்டு, ஆலங்கட்டி மழையில் கூரை சேதமான பிறகே பாலிசியைத் திறந்து பார்க்கிறார்கள். முழுவதையும் படிக்க இயலாதவர்கள், முகப்பில் இருக்கும் டிக்ளரேஷன் பக்கத்தையாவது கால்குலேட்டரைக் கையில் வைத்துக்கொண்டு படித்துவிட வேண்டும்.

அப்பக்கத்தில் முதலில் வரும் கவரேஜ் ஏ, வீட்டுக் கட்டடத்துக்கானது. இங்கே இருக்க வேண்டிய தொகை வீட்டின் சந்தை விலை அன்று. மனையின் மதிப்பை விட்டுவிட்டு, இன்றைய கூலிக்கும் பொருள் விலைக்கும் அதே வீட்டை மீண்டும் கட்ட ஆகும் செலவு. பல பாலிசிகளில், இத்தொகை அச்செலவின் 80 சதவீதத்துக்குக் கீழே இருந்தால், சிறு சேதத்துக்குக்கூட இழப்பீடு குறையும். பி என்பது வேலி, தனிக் கொட்டகை போன்றவற்றுக்கும், டி என்பது பழுது முடியும்வரை வெளியே தங்கும் கூடுதல் செலவுக்கும், ஈ, எஃப் இரண்டும் பிறருக்கு நேரும் பாதிப்புக்கும் உரியவை. வீட்டுப் பொருள்களுக்கான சி-யில் மட்டும் நம் குடும்பங்கள் சற்று நிதானிக்க வேண்டும்: திருட்டுப் போகும் நகைக்கு 1,500 டாலர் போன்ற சிறிய உள்வரம்பு பல பாலிசிகளில் உண்டு. தாலிச் சங்கிலிக்கே அது போதாது என்பதால், நகைகளை மதிப்பீட்டுச் சான்றுடன் தனியாகப் பட்டியலிட்டுச் சேர்ப்பதே வழி.

டிடக்டிபிள் என்பது ஒவ்வொரு இழப்பிலும் வீட்டுக்காரர் தாமே ஏற்க வேண்டிய பங்கு. தீ, திருட்டு போன்றவற்றுக்கு இது 1,000 அல்லது 2,500 டாலர் என்று நிலையான தொகையாக இருக்கலாம். ஆனால் காற்று, ஆலங்கட்டி ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனியாக 1 அல்லது 2 சதவீதம் என்று எழுதியிருக்கும். இந்தச் சதவீதம் சேதத் தொகையின்மீது கணக்கிடப்படுவதில்லை. கவரேஜ் ஏ தொகையின்மீது கணக்கிடப்படுகிறது. கவரேஜ் ஏ 4,00,000 டாலர், டிடக்டிபிள் 2 சதவீதம் என்றால், முதல் 8,000 டாலர் உங்களுடையது. கூரையை மாற்ற 15,000 டாலர் ஆனால், நிறுவனம் தருவது 7,000 மட்டுமே.

அந்த 7,000-மும் கூரைக்குப் புதுப்பொருள் விலை தரும் பாலிசி இருந்தால்தான் கிடைக்கும். அதிலும் ஒரு பகுதி, வேலை முடிந்து ரசீது காட்டிய பிறகே வரும். தேய்மானம் கழித்துத் தரும் பாலிசியாக இருந்து, பழைய கூரையின் மதிப்பு பாதியாக, அதாவது 7,500 டாலராகக் கணக்கிடப்பட்டால், அது டிடக்டிபிளைவிடக் குறைவு. ஆகவே ஒரு டாலரும் வராது. பழைய கூரையுள்ள வீட்டுக்குச் சதவீத டிடக்டிபிள், தேய்மானக் கழிவு ஆகிய இவ்விரு நிபந்தனைகளும் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றனவா என்பதே முகவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

புயல் ஓய்ந்ததும் கதவைத் தட்டும் சில ஒப்பந்தக்காரர்கள், டிடக்டிபிளைத் தாங்களே பார்த்துக்கொள்வதாகச் சொல்வார்கள். டெக்சஸில் 2019 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள சட்டம் அதைத் தடை செய்கிறது. நீங்கள் உங்கள் பங்கைக் கட்டியதற்கான சான்றைக் காப்பீட்டு நிறுவனம் கேட்கவும் அது வழிவகுக்கிறது.

வெள்ளம் இந்தப் பாலிசிக்குள் அடங்காது. 2017-இல் ஹார்வி புயலின்போது ஹூஸ்டனில் நீர் புகுந்த வீடுகளில் பலவற்றுக்கு வெள்ளக் காப்பீடு இல்லை. கூட்டாட்சி அரசின் வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தில் வீட்டுக்கு 2,50,000, பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரை பெறலாம். இரண்டுக்கும் டிடக்டிபிள் தனித்தனி. எடுத்த நாளிலிருந்து பொதுவாக 30 நாள் கழித்தே அது செல்லுபடியாகும் என்பதால், புயல் அறிவிப்பு வந்தபின் ஓடுவதில் பயனில்லை.

டிடக்டிபிளைத் தேர்ந்தெடுக்கும்போது 1, 2 சதவீதம் இரண்டுக்கும் பிரீமியம் கேட்டு வாங்குங்கள். மேற்சொன்ன வீட்டில் நீங்கள் ஏற்கும் பங்கில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 4,000 டாலர். 2 சதவீதத்தை எடுப்பதால் பிரீமியத்தில் ஆண்டுக்கு 500 டாலர் மிச்சமாகிறது என்றால், எட்டு ஆண்டுகள் ஆலங்கட்டிச் சேதம் இல்லாமல் கழிந்தால்தான் கணக்கு நேராகும். டாலஸ் பகுதியில் அவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்று நான் நம்பமாட்டேன். ஆலங்கட்டி அரிதான ஊரில், 8,000 டாலர் சேமிப்பும் இருந்தால், 2 சதவீதத்தை எடுக்கலாம்.