ஏரிக்கணக்கில் புவியின் காலநிலை: எக்செல் தாளில் ஒரு மாதிரி கட்டும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஏரியைப் பார்த்து வளர்ந்தவருக்குக் காலநிலை மாதிரியின் அடிப்படை புதிதன்று. வரத்து, கோடி (உபரிநீர் வழிந்தோடும் விளிம்பு) வழியாக வெளியேறும் நீரைவிட மிகுதியாக இருக்கும்வரை மட்டம் ஏறும். இரண்டும் சமமானதும் நின்றுவிடும். கோடியின் மேல் மணல் மூட்டைகளை அடுக்கி விளிம்பை உயர்த்தினால், வரத்து ஒரு சொட்டுக் கூடாமலேயே மட்டம் ஏறி, புதிய விளிம்பைத் தாண்டி வழியத் தொடங்கிய பிறகே நிலைகொள்ளும். நீருக்குப் பதிலாக வெப்பத்தையும், மட்டத்துக்குப் பதிலாக வெப்பநிலையையும், மணல் மூட்டைக்குப் பதிலாகக் கார்பன் டை ஆக்சைடையும் வைத்துக்கொண்டால் புவியின் மிக எளிய காலநிலை மாதிரி கைக்கு வந்துவிடும்.

முதலில் வரத்தைக் கணக்கிடுங்கள். சூரியனிலிருந்து புவியின் தொலைவில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1361 வாட் ஆற்றல் வருகிறது. புவி உருண்டை என்பதாலும், அதில் ஒரு பாதி எப்போதும் இருளில் இருப்பதாலும் இதை 4-ஆல் வகுக்க வேண்டும், 340 கிடைக்கும். மேகமும் பனியும் மணலும் அதில் ஏறத்தாழ 30 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பிவிடுவதால் மிஞ்சுவது 238 வாட். இந்த எண்ணை ஒரு கட்டத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போக்கு, அதாவது புவியிலிருந்து வெளியேறும் வெப்பம். ஒரு பொருள் வெளியிடும் வெப்பக் கதிர்வீச்சு, அதன் வெப்பநிலையின் நான்காம் அடுக்கை (வெப்பநிலை × வெப்பநிலை × வெப்பநிலை × வெப்பநிலை) 0.0000000567-ஆல் பெருக்கினால் கிடைக்கும். வெப்பநிலை கெல்வினில் இருக்க வேண்டும் என்பதை மறந்து செல்சியசில் எழுதிவிடுவதுதான் தொடங்குபவர்கள் எல்லோரும் செய்யும் பிழை; செல்சியசுடன் 273 கூட்டினால் போதும். 238 வாட்டை வெளியேற்றப் போதுமான வெப்பநிலை எது என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 255 கெல்வின், அதாவது −18 பாகை வரும். உண்மையான சராசரியோ சுமார் 15 பாகை. இடையிலுள்ள 33 பாகையும் காற்று மண்டலத்தின் கொடை. அதை மாதிரிக்குள் கொண்டுவர, போக்கை 0.61-ஆல் பெருக்குங்கள், சமநிலை 288 கெல்வினுக்கு வந்து நிற்கும்.

இனி காலத்தை ஓடவிடலாம். வரத்திலிருந்து போக்கைக் கழித்து, ஓர் ஆண்டின் 3 கோடியே 15 இலட்சம் வினாடிகளால் பெருக்கி, வெப்பக் கொள்ளளவால் வகுத்து, பழைய வெப்பநிலையோடு கூட்டினால் அடுத்த ஆண்டின் வெப்பநிலை கிடைக்கும். வெப்பத்தைச் சேர்த்து வைப்பது பெரும்பாலும் கடலின் மேலடுக்கு என்பதால், புவி முழுவதையும் 70 மீட்டர் ஆழமுள்ள நீராகக் கருதுங்கள். ஒரு கன மீட்டர் நீரை ஒரு பாகை சூடாக்க 42 இலட்சம் ஜூல் தேவை என்ற கணக்கில் கொள்ளளவு 29.4 கோடி ஆகும். வாய்பாட்டை நூறு வரிகளுக்குக் கீழே இழுத்துவிடுங்கள். 273 கெல்வினிலிருந்து தொடங்கினால் முதல் ஆண்டிலேயே கிட்டத்தட்ட 5 பாகை ஏறி, பன்னிரண்டு ஆண்டுகளில் 288-ஐ ஒட்டி வந்துவிடும். அப்படி வரவில்லையென்றால் எங்கோ ஒரு சுழியம் குறைந்திருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. ஆழத்தை 10 மீட்டராகக் குறைத்துப் பாருங்கள்: எண்கள் மேலும் கீழும் தாவிச் சிதறும். அது காலநிலை செய்யும் கூத்தன்று, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் கணக்கிடும் நம் அவசரத்தின் விளைவு. மாதத்துக்கு ஒருமுறை கணக்கிட்டால் அடங்கிவிடும்.

மணல் மூட்டையை இப்போது அடுக்கலாம். கார்பன் டை ஆக்சைடின் இப்போதைய அளவைத் தொழில்மயத்துக்கு முந்தைய அளவால், அதாவது பத்து இலட்சத்தில் 280 பங்கால் வகுத்து, அதன் இயல்மடக்கையை (எக்செலில் LN) 5.35-ஆல் பெருக்கி வரத்தோடு கூட்டுங்கள்; மூட்டை உண்மையில் தடுப்பது போக்கைத்தான், ஆனால் போக்கில் கழிப்பதும் வரத்தில் கூட்டுவதும் கணக்கில் ஒன்றே. அளவு இரட்டிப்பானால் 3.7 வாட் கூடும், வெப்பநிலை 1.1 பாகை உயரும். இத்தோடு நிறுத்திவிடுவது தவறு. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும், நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். எனவே 0.61 என்ற எண்ணை, 288-க்கு மேல் ஏறும் ஒவ்வொரு பாகைக்கும் 0.005 குறையும்படி மாற்றுங்கள். உயர்வு இப்போது ஏறத்தாழ 2.8 பாகையாகும். 1967-இல் காலநிலை அறிவியலாளர்களான மனாபேயும் வெதரால்டும் கணினியில் கண்டது 2.3 பாகை, ஐ.நா.வின் காலநிலைக் குழுவினுடைய ஆறாம் அறிக்கை 2.5 முதல் 4 வரை என்கிறது. அந்த 0.005 நாம் கையால் வைத்த எண் என்பதை ஒளிக்கக் கூடாது. பெரிய மாதிரிகளிலும் மேகங்களைப் பற்றிய இத்தகைய எண்கள் உண்டு.

கட்டியதைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. 1991-இல் பிலிப்பைன்சின் பினடுபோ எரிமலை வெடித்தபோது புவியின் சராசரி வெப்பநிலை தற்காலிகமாக அரை பாகை அளவுக்குக் குறைந்தது. அந்த ஓர் ஆண்டுக்கு வரத்தில் 3 வாட்டைக் கழித்தால் நம் மாதிரி 0.3 பாகைதான் குறையும். ஏன் குறைவு? கடல் 71 விழுக்காடுதான். எஞ்சிய நிலம் வெப்பத்தை அவ்வளவு ஆழத்தில் சேர்ப்பதில்லை. ஆழத்தை 50 மீட்டராக்கினால் 0.45 பாகை வரும்.

கிருஷ்ணகிரியின் மா விவசாயி கேட்பதோ பூக்கும் பருவத்தின் வெப்பம். ஒரே சராசரியை மட்டும் தரும் இந்த மாதிரி அதற்கு விடை சொல்லாது. புவியைக் கட்டங்களாகப் பிரித்துக் காற்றையும் கடலோட்டத்தையும் கணக்கிடும் பெரிய மாதிரிகளின் வெளியீடு வேண்டும். புனேயின் வெப்பமண்டல வானிலையியல் நிறுவனமும் அத்தகைய ஒன்றை வைத்திருக்கிறது. ஆயினும் கட்டம் ஒன்றின் பக்கம் 100 கிலோமீட்டர் என்றால், சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரும் அதில் ஏறத்தாழ பாதி உயரத்திலுள்ள தருமபுரியும் ஒரே எண்ணைப் பெறக்கூடும். உயரம் ஒரு கிலோமீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 பாகை குறையும் என்ற கணக்கில் முதல் திருத்தத்தைச் செய்யுங்கள். பிறகு, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் முப்பது ஆண்டுப் பதிவோடு அதே ஆண்டுகளுக்கான மாதிரியின் எண்களை மாதவாரியாக ஒப்பிட்டு, மிஞ்சும் வேறுபாட்டை வருங்கால எண்களிலிருந்தும் கழியுங்கள். மழைக்கு இந்தக் கழித்தல் ஒத்துவராது, எதிர்ம மழை வந்துவிடும். அங்கே விகிதத்தால் பெருக்க வேண்டும்.