பழைய புல்லட்டை ஆல்டர் செய்தால் விலை ஏன் விழுகிறது?

போன வருடம் ஒரு புல்லட் பார்க்கப் போனேன். வார்ப்பிரும்பு இன்ஜின், 350 சிசி, வலது காலில் கியர். இரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆகி நிதானமாகத் துடித்தது. வாங்கிவிடலாம் என்று மனசு முடிவு செய்த நேரத்தில் பின்பக்கம் குனிந்து பார்த்தேன். சீட்டுக்குக் கீழே சேஸ் குழாயை அறுத்துவிட்டு, வளைத்த பைப் ஒன்றை வெல்டு வைத்திருந்தார்கள். மட்கார்டு பாதிதான் மிச்சம். ‘பாபர்’ ஸ்டைலுக்காக, அதாவது பின்பக்கத்தை வெட்டிக் குட்டையாக்கும் பாணிக்காகச் செய்ததாம். உரிமையாளர் ஆசையாகப் பில்களை எடுத்துக் காட்டினார். வண்டி வாங்கிய பணத்தைவிட ஆல்டர் செலவு அதிகம். அவர் கேட்ட விலையில் பாதியைச் சொல்லக்கூட எனக்கு வாய் வரவில்லை. அந்தக் குழாயை அறுக்காமல் விட்டிருந்தால் கேட்ட விலைக்கே எடுத்திருப்பேன்.

பழைய வண்டியில் கை வைக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். வண்டி ஓட்டத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்பானர் பிடித்துச் செய்த மாற்றம் வேறு, ஹாக்ஸா பிளேடு பிடித்துச் செய்த மாற்றம் வேறு. ஹேண்டில்பார், சீட், கண்ணாடி, சைலன்சர் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் திரும்பிவிடும். அறுத்த சேஸ், தேய்த்த சேஸ் நம்பர், பெரிதாகக் குடைந்த போர்ட் (சிலிண்டருக்குள் எரிவாயுவும் புகையும் போய்வரும் துளை) திரும்பாது. வாங்க வருபவர் மனதுக்குள் போடும் கணக்கே இதுதான்: இதைப் பழையபடி ஆக்க எனக்கு எவ்வளவு ஆகும்? ஆக்கவே முடியாது என்றால் பேரம் அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து ஆர்சி என்கிற பதிவுப் புத்தகம். பலர் கடைசியில் யோசிப்பது இதைத்தான், முதலில் யோசிக்க வேண்டியதும் இதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்கிறது. 350 சிசி என்று பதிவான வண்டிக்குள் 500 சிசி இருந்தால், பெயர் மாற்றும்போதோ 15 வருடம் முடிந்து ஆர்சியைப் புதுப்பிக்கும்போதோ சிக்கல் வரும். அந்தச் சிக்கலை வாங்குபவர் தலையில் கட்டப் பார்த்தால், விவரம் தெரிந்தவர் வாங்க மாட்டார். தெரியாதவர் வாங்கிப் பின்னால் அழுவார். இரண்டுமே நமக்கு வேண்டாம்.

2021-இல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை ‘விஏ’ என்ற எழுத்துகள் கொண்ட நம்பர் பிளேட்டில் பதியலாம். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். ஆனால் வண்டி அசல் வடிவத்தில் இருக்க வேண்டும். சேஸிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அந்தப் பதிவில் தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ரேலி மாதிரியான காரியங்களுக்குத்தான். இருந்தாலும் சேகரிப்பவர்களுக்கு அது பெரிய விஷயம். 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100, 2035-இல் 50-ஐத் தொடும். இன்று அதன் பின்சேஸை அறுப்பவர் அந்த வாசலையும் சேர்த்து அடைக்கிறார்.

சேஸ் நம்பர் விஷயத்தில் நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களும் மாட்டிக்கொள்கிறார்கள். துரு போக மணல் அடித்து, மேலே தடிமனாகப் பவுடர் கோட்டிங் போட்டால் குத்திய எண்கள் மூழ்கிவிடும். எண்ணைச் சரிபார்க்க, மேலே காகிதம் வைத்துப் பென்சில் தேய்த்துப் பிரிண்ட் எடுக்கும்போது ஒன்றும் விழாது. எண் தெளிவில்லாத வண்டியைத் திருட்டு வண்டியோ என்று பார்ப்பதுதான் வழக்கம், அதில் தப்பும் இல்லை. வேலைக்குக் கொடுக்கும் முன் அந்த இடத்தில் டேப் ஒட்டச் சொல்லுங்கள். கடையில் சொன்னால் போதாது, பக்கத்தில் நின்று பாருங்கள்.

பெயின்ட்டைப் பற்றி எனக்குக் கொஞ்சம் ஆதங்கம் உண்டு. புல்லட் டேங்க் ஓரத்தில் ஓடும் தங்க நிறக் கோட்டை, அதைத் தயாரித்த என்ஃபீல்டின் திருவொற்றியூர் ஆலையில் கையால்தான் போட்டார்கள். அளவுகோல் இல்லை, ஒரே இழுப்பு. அது மங்கியிருக்கிறது என்று சொல்லி, மேலே பட்டி பார்த்து, மேட் கறுப்பு அடித்து ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். மைசூரில் தயாரான பழைய ஜாவாவின் மெரூன் நிறத்துக்கும் டேங்கின் குரோம் பக்கங்களுக்கும் இதே கதிதான். கொஞ்சம் கீறலோடு இருக்கிற கம்பெனி பெயின்ட்டுக்கு, பளபளவென்று புதிதாக அடித்ததைவிட அதிகம் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். முதலில் மெழுகு போட்டுத் துடைத்துப் பாருங்கள். அடித்தே ஆக வேண்டும் என்றால் அந்த மாடலுக்கு வந்த நிறத்தையே அடியுங்கள். ஆர்சியில் நிறமும் இருக்கும் என்பது நினைவிருக்கட்டும்.

ஆர்எக்ஸ் 100-இல் இன்ஜின்தான் பலியாகிறது. 98 சிசி, 11 குதிரைத்திறன், நாலு கியர். அந்த எடைக்கு அது போதுமானதாகத்தான் இருந்தது. இன்னும் வேகம் வேண்டுமென்று போர்ட்டைக் குடைகிறார்கள், சைலன்சரை வெட்டுகிறார்கள், ஆர்எக்ஸ் 135-இன் பெரிய சிலிண்டர் பிளாக்கை ஏற்றுகிறார்கள். 1996-இல் உற்பத்தி நின்ற வண்டி அது. நல்ல அசல் பிளாக் கிடைப்பது வருடா வருடம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது. உங்கள் கையில் இருப்பதைக் குடைந்துவிட்டால் அந்தக் கணக்கில் இன்னொன்று குறைந்தது. ஸ்போக்ஸ் வீலைக் கழற்றி மேக் வீலும் (அலாய் சக்கரம்) டிஸ்க் பிரேக்கும் போடுவது அவ்வளவு மோசமில்லை, கழற்றியதைப் பத்திரமாக வைத்திருந்தால்.

ஆனால் பத்திரமாக வைப்பதில்லையே! கழற்றிய மட்கார்டு, டூல் பாக்ஸ் மூடி, இரண்டு சின்ன விளக்குகளோடு வந்த புல்லட் ஹெட்லைட் கூடு, எல்லாம் மெக்கானிக் கடை மூலையில் கிடந்து காயலான் கடைக்குப் போய்விடுகின்றன. அப்புறம் அதே சாமானைத் தேடி, பழைய பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை முழுக்க அலைய வேண்டியிருக்கும். கிடைத்தாலும் சொன்ன விலைதான். கிரீஸ் தடவி, சாக்கில் கட்டி, பரணில் போடுங்கள். விற்கும் நாளில் அந்தச் சாக்கும் வண்டியோடு வரும் என்று சொன்னாலே பேச்சு மாறும்.

விலையைப் பெரிதாகக் கெடுக்காத மாற்றங்களும் உண்டு. 6 வோல்ட்டை 12 வோல்ட் ஆக்குவது, நல்ல டயர், புது வயரிங், பிரேக் லைனிங் எல்லாம் ஓட்டுவதற்குத் தேவையானவை, வாங்குபவரும் சந்தோஷப்படுவார். அந்தக் காலத்திலேயே செய்த ஆல்டருக்கு மதிப்புக் கூடியதும் நடந்திருக்கிறது. 1960-களில் இங்கிலாந்து இளைஞர்கள் நார்ட்டன் சேஸில் ட்ரையம்ஃப் இன்ஜினை ஏற்றி ‘ட்ரைட்டன்’ என்றார்கள். நன்றாகச் செய்த, அந்தக் காலத்தது என்று நிரூபிக்கக்கூடிய ட்ரைட்டனுக்கு இன்று தனி மரியாதை. அதைக் காட்டி, போன மாதம் வெல்டு வைத்த வண்டிக்கு விலை கேட்க முடியாது.

விற்கும்போது ஆகும் கடைசித் தவறு, செலவையெல்லாம் கூட்டி அதையே விலையாகச் சொல்வது. உங்கள் ரசனைக்கு நீங்கள் செலவழித்தீர்கள். அடுத்தவர் ரசனை வேறு. அதனால் விளம்பரம் போடும் முன் ஒரு வாரம் ஒதுக்கி, பழைய ஹேண்டில்பாரையும் சீட்டையும் திரும்ப மாட்டுங்கள். இன்ஜினைத் திறந்த பில், சிலிண்டரைக் கடைந்து ரீபோர் செய்த அளவு, இன்சூரன்ஸ், ஆர்சி எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். மாற்றியது எது என்று கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள். நான் பார்க்கப் போன அந்த புல்லட் இன்னும் விற்கவில்லை. அவர் இப்போது ஒரு முழுப் பின்சேஸ் தேடிக்கொண்டிருக்கிறார்.